உஷ்ணத்தின் கணக்கை எழுதிய வத்திராயிருப்பு விஞ்ஞானி
டாக்டர் கே. எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கை

புது டில்லியில் பூசா வளாகத்தை ஒட்டிச் செல்லும் சாலை ஒன்றுக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். கரோல்பாக், படேல் நகர் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பல முறை பார்த்திருப்பார்கள். யாரோ ஒரு மந்திரி அல்லது பெரிய அதிகாரியாக இருக்கும் என்று நினைத்துக் கடந்து போனவர்களும் உண்டு. அந்தச் சாலையில் இருக்கும் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தை வெறும் நிலத்திலிருந்து எழுப்பி, அதன் முதல் டைரக்டராக 14 ஆண்டுகள் இருந்து, பதவியில் இருக்கும்போதே காலமான தமிழ் விஞ்ஞானி அவர்.

சர் சி. வி. ராமனின் மாணவர், ராமன் விளைவைக் கண்டறிந்தபோது உடனிருந்தவர் என்ற அளவில்தான் பெரும்பாலோர் அவரை அறிவார்கள். அது அவருடைய முதல் 30 வயதுக் கதை. அதற்குப் பின் டில்லியில் அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை வேறு. சூடான ஒரு பொருள் எப்படிக் குளிர்கிறது, அதிலிருந்து உஷ்ணம் எந்த வழியாக, எவ்வளவு வெளியேறுகிறது என்பதே அது. அடுப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சம்பந்தமுள்ள கேள்வி. அவருடைய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு புது மாதிரி அடுப்பும் வெளிவந்தது. அந்த அடுப்பு ஏன் நம் வீடுகளில் நிலைக்கவில்லை என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

மலையடிவாரத்துப் பையன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898-ம் வருடம் டிசம்பர் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள அந்த ஊர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. தகப்பனார் விவசாயம் பார்த்தவர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் புலமை உள்ளவர். இரண்டு மொழிகளின் இலக்கியத்திலும் கிருஷ்ணனுக்குக் கடைசி வரை இருந்த பற்று வீட்டிலேயே வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து ஹைஸ்கூலில் படிப்பை முடித்து மதுரை அமெரிக்கன் கல்லூரிக்குப் போனார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில் ரசாயனப் பிரிவில் செய்முறை விளக்குநர் வேலை கிடைத்தது. படித்தது பௌதிகம், பார்த்த வேலை ரசாயனம். அதனால் இரண்டுக்கும் நடுவே வேலி இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை.

அங்கே அவர் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார. மத்தியான இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சுற்றிக் கூடுவார்கள். பௌதிகமோ, ரசாயனமோ, கணிதமோ, யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பாடத்திட்டமும் பரீட்சையும் அந்தப் பக்கமே வராது. நாளடைவில் வேறு கல்லூரி மாணவர்களும் அந்தச் சாப்பாட்டு நேரக் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். கையில் இருக்கும் சாதாரணப் பொருளிலிருந்து தொடங்கி, ஒரு விதியில் கொண்டுபோய் நிறுத்துவது அவருடைய வழி.

கல்கத்தாவில் சூரிய ஒளி

1920-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அங்கே ராமன் இருந்தார் என்பதே காரணம். சில காலம் சர்வகலாசாலையில் படித்துவிட்டு, 1923-ல் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதே அவருக்குக் கிடைத்த வேலை. சுமார் 65 திரவங்களைச் சோதித்தார். அப்போது ஒரு சிறு தொந்தரவு இருந்தது. ஒரு நிற ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் வேறு நிறமும் மிக மங்கலாகக் கலந்து வந்தது. அதே கூடத்தில் கே. ஆர். ராமநாதன் 1923-லேயே இதைப் பார்த்திருந்தார். திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது தன் பங்குக்கு மினுங்குகிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள்.

அழுக்கு என்றால் சுத்தம் செய்ய வேண்டும். காற்றை நீக்கி மூடிய கண்ணாடிக் குமிழ்களில் திரவத்தை மெதுவாகக் காய்ச்சி வடித்தார்கள். காற்று இல்லாத இடத்தில் திரவம் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஒரு பக்கம் லேசான சூடு, மறு பக்கம் குளிர்ச்சி. ஆவி அந்தப் பக்கம் போய் மறுபடி திரவமாகும். அழுக்கு பின்னால் தங்கிவிடும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எவ்வளவு வடித்தும் அந்த மங்கலான ஒளி போகவில்லை. அப்படியானால் அது அழுக்கு அல்ல, திரவத்தின் சொந்தக் குணம்.

1928-ம் வருடத் தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் இதைத் தீவிரமாகப் பின்தொடர்ந்தார்கள். ஒளி தர விலை உயர்ந்த விளக்கு எதுவும் முதலில் இல்லை. சூரிய ஒளியையே ஒரு தொலைநோக்கியின் 7 அங்குல லென்ஸால் குவித்துத் திரவத்தில் விழச் செய்தார்கள். ஒளி போகும் வழியில் ஒரு நிறக் கண்ணாடி, வரும் வழியில் அதற்கு எதிரான நிறக் கண்ணாடி. முதல் கண்ணாடியைத் தாண்டிய ஒளி எதுவும் இரண்டாவதைத் தாண்டக் கூடாது. ஆனாலும் ஒளி தெரிந்தது. நிறம் மாறிவிட்டது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி வேண்டுமா? இருவர் பெயரிலும் எழுதிய குறிப்பு 1928 மார்ச் 31-ந் தேதி லண்டன் நேச்சர் பத்திரிகையில் வெளியாயிற்று. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது.

தொந்தரவு என்று பிறர் தள்ளி வைப்பதை விடாமல் துரத்தினால் அதுவே விஷயமாகிவிடும் என்ற பாடம் கிருஷ்ணனுக்கு அங்கே கிடைத்தது. பின்னால் அவர் செய்த பல வேலைகளில் இதன் சாயல் உண்டு.

டாக்காவில் தொங்கிய படிகம்

நோபல் பரிசு வந்தபோது கிருஷ்ணன் கல்கத்தாவில் இல்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா சர்வகலாசாலைக்கு ரீடராகப் போயிருந்தார். அங்கே பௌதிகத் துறையின் தலைவர் சத்யேந்திரநாத் போஸ்.

டாக்காவில் அவர் படிகங்களின் காந்த குணத்தை எடுத்துக்கொண்டார். ஒரு படிகம் எல்லாத் திசையிலும் காந்தத்துக்கு ஒரே மாதிரி மசிவதில்லை. இந்த வித்தியாசம் மிக நுண்ணியது. அதை அளக்க அவரும் எஸ். பானர்ஜியும் ஓர் எளிய வழி கண்டார்கள். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார்கள். இழையின் மேல் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார்கள். காந்தம் பிடித்துக்கொள்வதால் படிகம் முதலில் சிறிதளவே திரும்பும். ஒரு குறிப்பிட்ட முறுக்குக்கு மேல் அதற்குத் தாக்குப்பிடிக்க முடியாது; சட்டென்று புரண்டு சுழன்றுவிடும். அந்த இடத்தில் எவ்வளவு முறுக்கினோம் என்று பார்த்தாலே போதும், அளவு கிடைத்துவிடும். சோதனை குலைகிற இடத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். பின்னால் உலகில் பல ஆராய்ச்சிக்கூடங்கள் இந்த முறையைக் கைக்கொண்டன.

1933-ல் ராமன் பெங்களூர் போனதும் கிருஷ்ணன் கல்கத்தா சங்கத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். 1942-ல் அலகாபாத் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம்.

டில்லிக்கு அழைப்பு

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தேசத்துக்கென்று ஆராய்ச்சிக்கூடங்கள் அமைக்கும் திட்டம் உருவாயிற்று. அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். பூசாவில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜவாஹர்லால் நேரு 1947 ஜனவரி 4-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டினார். டைரக்டர் பொறுப்பு கிருஷ்ணனிடம் வந்தது. 1950 ஜனவரி 21-ந் தேதி, நாடு குடியரசாவதற்கு 5 நாள் முன்பு, சர்தார் படேல் அதைத் திறந்து வைத்தார்.

ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சியாளருக்கு இது சுலபமான மாற்றம் அல்ல. சொந்த மேஜையும் நாலைந்து மாணவர்களும் போதும் என்று இருந்தவர் கட்டிட வேலை, இறக்குமதி லைசென்ஸ், ஆள் நியமனம், கமிட்டிக் கூட்டங்கள் என்று நாளைச் செலவிட வேண்டியதாயிற்று. 1948-ல் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது ஹோமி பாபா, பட்நாகர் ஆகியோருடன் அவரும் அதில் அங்கத்தினர். 1949-ல் இந்திய விஞ்ஞான காங்கிரசுக்கு அவர்தான் தலைவர்.

தேசிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. நாட்டின் அளவைகளுக்கு அதுதான் காவல். சேர், மணங்கு, வீசை, படி என்று ஊருக்கு ஊர் மாறிய அளவைகளை ஒழித்து மெட்ரிக் முறையைக் கொண்டுவரும் சட்டம் 1956-ல் நிறைவேறியது. கடையில் நிறுக்கும் ஒரு கிலோ சரியானதா என்ற கேள்வியைத் தொடர்ந்து போனால், கடைசியில் பூசாவில் பூட்டி வைத்திருந்த 57-ம் எண் கிலோகிராம் கட்டியில்தான் போய் நிற்க வேண்டும். மீட்டரும் அப்படியே, உஷ்ண அளவும் அப்படியே.

உஷ்ணத்தின் இரண்டு கோடிகளையும் அந்தக் கூடம் தொட்டது. இந்தியாவின் முதல் ஹீலியம் திரவமாக்கும் இயந்திரம் 1952-ல் அங்கே வந்தது. திரவ ஹீலியத்தின் சூடு பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி. வெளியே ஜூன் மாத டில்லி 45 டிகிரியில் கொதிக்கும்போது உள்ளே அந்தக் குளிரைக் காப்பாற்ற வேண்டும். மறு கோடியில், ஆயிரம் டிகிரிக்கு மேல் தகதகக்கும் கம்பிகளும் குழாய்களும். டைரக்டர் கிருஷ்ணன் தம் சொந்த ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தது இந்தச் சூடான கோடியை.

காயும் கம்பியும் குளிரும் முனையும்

டில்லிக் குளிரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சுருள் கம்பி நடுவில் செக்கச் செவேலென்று இருக்கும். திருகாணியில் மாட்டியிருக்கும் இரு முனைகளுக்குப் பக்கத்தில் கறுத்தே இருக்கும். கம்பி முழுவதும் ஒரே மின்சாரம்தான் ஓடுகிறது. பின் ஏன் இந்த வித்தியாசம்?

முனைகளைப் பிடித்திருக்கும் கனத்த உலோகம் குளிர்ந்திருக்கிறது. கம்பியின் சூடு அதை நோக்கி ஓடி வடிகிறது. இது கடத்தல் என்ற வழி. ஹீட்டருக்கு எதிரே மின்விசிறியைச் சுழலவிட்டால் கம்பி முழுவதுமே மங்கிவிடும். ஓடுகிற காற்று சூட்டை வாரிக்கொண்டு போவதால் வருவது அது. மூன்றாவது வழி கதிர்வீச்சு. இடையில் காற்றே இல்லாவிட்டாலும் சூடான பொருள் தன் உஷ்ணத்தை வெளியே வீசிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து கணக்கிடும் முழு உஷ்ண அளவில் சூடு இரு மடங்கானால், வீச்சு 16 மடங்காகும். எரிகிற அடுப்பானாலும், வெயிலில் காயும் மொட்டை மாடியானாலும், கொதிக்கும் மோட்டார் எஞ்சினானாலும் உஷ்ணம் போகும் பாதைகள் முக்கியமாக இவைதான். ஈரம் இருந்தால் ஆவியாதலும் சேரும். மண்பானையும் டில்லி வீடுகளின் கூலரும் அதை நம்பித்தான் வேலை செய்கின்றன.

மிக உயர்ந்த சூட்டில் ஓர் உலோகம் உஷ்ணத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்று அளப்பது அந்த நாளில் பெரும் தலைவலி. சாதாரணச் சூட்டில் இது சுலபம். ஒரு கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கி, பக்கங்களில் உஷ்ணம் கசியாமல் கல்நார், பஞ்சு என்று சுற்றி மூடி, மறு முனையில் வந்து சேருவதை அளப்பார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் இந்த உறைகள் போதாது. பக்கவாட்டில் கதிர்வீச்சு பீறிட்டு வெளியேறும். அதைத் தடுக்க ஆராய்ச்சியாளர்கள் படாத பாடு பட்டார்கள். இன்னொரு பக்கம், சூடான கம்பியை வைத்து வேறு அளவுகள் எடுக்க நினைத்தவர்களுக்கு முனைகள் குளிர்வது இடைஞ்சலாக இருந்தது. கம்பியை நீளமாக வைத்து, நடுப்பகுதியை மட்டும் பார்த்துச் சமாளித்தார்கள்.

கிருஷ்ணனும் அவருடைய இளம் சகா எஸ். சி. ஜெயினும் இதைத் திருப்பிப் போட்டார்கள். கசிவைத் தடுக்க முடியாது என்றால் அதைக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். காற்றின் குழப்பம் வேண்டாம் என்று கம்பியை வெற்றிடத்தில் வைத்தார்கள். இனி மிச்சம் இரண்டு வழிகள்தான். ஒன்று பக்கவாட்டில் கதிர்வீச்சு, மற்றது முனைகளுக்குக் கடத்தல். மின்சாரம் எவ்வளவு உஷ்ணத்தைக் கொடுக்கிறது என்பது தெரியும். வரவு தெரிகிறது, செலவு இரண்டே இனம். கம்பியின் நடுவிலிருந்து முனை வரை சூடு எப்படிப் படிப்படியாக இறங்குகிறது என்று பார்த்தால், அந்த இறக்கத்தின் வடிவத்திலேயே உலோகத்தின் கடத்தும் திறன் அடங்கியிருக்கிறது. முனை குளிர்வது என்ற இடைஞ்சலே அளவுகோலாயிற்று.

1954-ல் இந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவரத் தொடங்கின. மெல்லிய கம்பியில் ஆரம்பித்த கணக்கைக் குழாய்களுக்கும் சுருள்களுக்கும் விரித்து ஆர். சுந்தரத்துடன் சேர்ந்து 1960-ல் எழுதினார். அதாவது, டைரக்டர் வேலையின் நடுவிலும் கடைசி வருடங்கள் வரை அவர் ஆராய்ச்சியை விடவில்லை.

இதோடு இணைந்தது இன்னொரு வேலை. ரேடியோ வால்வில் சூடான இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிவருகின்றன. எந்தச் சூட்டில் எவ்வளவு வரும் என்று அளக்கும்போது, மேல்பரப்பில் ஒட்டியிருக்கும் சிறு அழுக்குகூட அளவைக் கெடுத்துவிடும். கிருஷ்ணன் மேல்பரப்பையே விட்டுவிட்டார். நாலு பக்கமும் மூடிய ஒரு சிறு கூட்டை வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கி, அதில் ஒரு நுண்ணிய துளை மட்டும் விட்டார். உள்ளே எலெக்ட்ரான்கள் நீராவி போல் நிறைந்து நிற்கும்; துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அந்தக் கசிவை அளந்தால் உள்ளே இருக்கும் நிலை தெரிந்துவிடும். மூடிய பானையின் சிறு துவாரத்தில் வரும் ஆவியைப் பார்த்து உள்ளே கொதி எப்படி என்று சொல்லும் வீட்டுப் பெண்மணியின் யுக்தி போன்றதுதான் இது.

வெயிலில் வைத்த அடுப்பு

1950-களின் தொடக்கத்தில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் பெயர் பொதுமக்கள் வாயில் அடிபட்டது கம்பியினால் அல்ல, சூரிய அடுப்பினால். அங்கே எம். எல். காய் முதலிய விஞ்ஞானிகள் அதை வடிவமைத்தார்கள். பளபளப்பாக்கிய அலுமினியத்தால் செய்த குழிவான பெரிய தட்டு ஒன்று. அது சூரிய ஒளியைக் குவிக்கும் இடத்தில் பாத்திரம். விறகு வேண்டாம், கரி வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், புகையும் இல்லை.

அந்த யோசனைக்குப் பின்னால் நியாயமான கவலை இருந்தது. விறகுக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்தன. வயலுக்கு எருவாக வேண்டிய சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. டில்லியைப் போன்ற ஊரில் உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் ஆயிரம் வாட் அளவுக்கு உஷ்ணம் விழுகிறது. காசு கேட்காத இந்த வரவை விட்டுவிட்டு வயலின் எருவை எரிப்பானேன்?

பௌதிகக் கணக்கில் அடுப்பு சரியாகவே வேலை செய்தது. அரிசி வெந்தது, பருப்பு வெந்தது. தனியார் நிறுவனம் ஒன்று தயாரித்து விற்கவும் முன்வந்தது. 1954 அக்டோபரில் புது டில்லியில் காற்றுச் சக்தி, சூரிய சக்தி பற்றி யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து சர்வதேசக் கருத்தரங்கு நடத்தின. உலகத்தின் கண் டில்லியின் வெயிலை நோக்கித் திரும்பியது.

ஆனால் அடுப்பை மக்கள் வாங்கவில்லை. வாங்கியவர்களும் தொடர்ந்து உபயோகிக்கவில்லை.

காரணம் விஞ்ஞானக் குறை அல்ல, சமையலறைக் காரணங்கள். சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. ஒளி பாத்திரத்தை விட்டு விலகாமல் இருக்கத் தட்டை அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒருவர் வெயிலில் நிற்க வேண்டும். மே மாத டில்லியில் லூ என்ற அனல் காற்று வீசும்போது முற்றத்தில் நின்று பருப்பு வேகவைக்க எந்தப் பெண்மணி சம்மதிப்பார்? ஒளி கண்ணில் பட்டால் கூசும். திறந்த வெளியில் வைத்த பாத்திரத்திலிருந்து காற்று சூட்டை வாரிக்கொண்டு போகும். மேகம் வந்தால் சமையல் நின்றுவிடும். ஆபீசுக்குப் போகிறவருக்குக் காலை 8 மணிக்குச் சாப்பாடு வேண்டும். குடும்பம் கூடி உண்பது இரவில். இரண்டு நேரமும் வெயில் உதவாது. கிராமத்திலோ சுள்ளியும் சாணமும் காசில்லாமல் கிடைத்தன. அடுப்புக்கோ காசு கொடுக்க வேண்டியிருந்தது. சுடச்சுட ரொட்டி போடும் வட இந்திய வீட்டுக்கும், ரசம் கொதித்து நுரை கட்டும் பதம் பார்த்து இறக்கும் நம் வீட்டுக்கும் இந்த அடுப்பு பழக்கமான வேலையைச் செய்யவில்லை.

கம்பியைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒவ்வொரு இழப்பும் கணக்கில் ஏறியது. அடுப்பில் ஓர் இழப்பு விட்டுப்போயிற்று. சமைப்பவரின் நேரமும் உடம்பும்தான் அது. தோல்வி என்று அன்றைக்குக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த முயற்சி வீண் போகவில்லை. எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் பிறகு வந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். 1980-களில் அரசுத் திட்டத்தின் மூலம் பரவிய பெட்டி வகை அடுப்பை அடிக்கடி திருப்ப வேண்டியதில்லை. கறுப்புப் பூசிய உட்புறம், மேலே கண்ணாடி மூடி, சுற்றிலும் உஷ்ணம் கசியாத உறை. காற்று உள்ளே சிக்கிக்கொள்வதால் சூட்டை வாரிக்கொண்டு போக முடியாது. காலையில் வைத்துவிட்டு மத்தியானம் எடுத்துக்கொள்ளலாம். திருமலை, ஷீரடி போன்ற இடங்களில் பெரிய கண்ணாடித் தட்டுகள் கூரை மேல் ஒளியைக் குவித்து நீராவி உண்டாக்க, அந்த நீராவி குழாய் வழியே கீழே சமையற்கூடத்துக்கு வந்தது. சமைப்பவர் வெயிலுக்குப் போகாமல், உஷ்ணம் அவரிடம் வந்து சேர்ந்தது. 1950-களில் பூசாவில் எழுந்த கேள்விக்கு இவையெல்லாம் பிற்காலத்தில் கிடைத்த பதில்கள்.

கதை சொல்லும் டைரக்டர்

விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1954-ல் பத்மபூஷண். 1956-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் வெளிநாட்டு அங்கத்தினர். பட்நாகர் மறைந்த பிறகு அவர் பெயரில் ஏற்படுத்திய பரிசு 1958-ல் முதன்முதலாகக் கிருஷ்ணனுக்கே கொடுக்கப்பட்டது.

பதவியின் தோரணை அவரிடம் ஒட்டவில்லை என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். பேச்சில் தமிழ் இலக்கியமும் சமஸ்கிருத சுலோகமும் கிராமத்துக் கதையும் கலந்து வரும். டென்னிஸ் ஆட்டத்தில் விருப்பம். அவரைச் சந்தித்த போதெல்லாம் ஏதாவது ஒரு புதுக் கதை சொல்லாமல் இருந்ததில்லை என்று நேருவே நினைவுகூர்ந்திருக்கிறார். சென்னையில் சாப்பாட்டு வேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்துப் பேசிய அதே மனிதர்தான் தலைநகரிலும் இருந்தார்.

நிர்வாகச் சுமை இல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் எவ்வளவோ சாதித்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. படிகங்களைப் பற்றி டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்த வேகத்தில் டில்லியில் அவரால் எழுத முடியவில்லை. ஆனால் ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு மேஜையும் கருவியும் நம்பிக்கையும் கிடைத்தது அந்த விலையைக் கொடுத்ததனால்தான். கடையில் நிறுக்கும் படிக்கல், நோயாளியின் ஜுரம் பார்க்கும் வெப்பமானி, தொழிற்சாலை உலையின் அளவு மானி ஆகியவற்றின் நம்பகத்தன்மைக்குப் பின்னால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் அளவைகள் நின்றன.

1961 ஜூன் மாதம், டில்லி கோடையின் உச்சத்தில், 14-ந் தேதி டாக்டர் கிருஷ்ணன் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 62. கடைசி வரை டைரக்டர் பதவியில்தான் இருந்தார்.

வத்திராயிருப்பிலிருந்து புறப்பட்டு மதுரை, சென்னை, கல்கத்தா, டாக்கா, அலகாபாத் என்று சுற்றி, டில்லியில் நிலைத்த வாழ்க்கை அது. அவர் விட்டுச் சென்ற பாடம் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் பயன்படும். கூலர் ஓடியும் அறை குளிரவில்லை, அடுப்பு எரிந்தும் பானை கொதிக்கவில்லை, மோட்டார் அடிக்கடி சூடாகிவிடுகிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது உஷ்ணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதே. அடைக்கக்கூடிய வழியை அடைக்கலாம். அடைக்க முடியாததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் மனிதனின் சௌகரியத்துக்கும் ஓர் இடம் வைத்தால் கணக்கு முழுமையாகும்.